பராக்குக் காட்டும் மொழி: பெரியாழ்வார் முதல் சந்தாபுரா வரை

வீட்டினுள்ளேயே இருக்க நேர்ந்த கைக்குழந்தையை அழாமல் வைத்திருக்கும் செயலைத் தமிழ் மூன்று தொடர்களால் குறிக்கின்றது: விளையாட்டுக் காட்டுதல், வேடிக்கை காட்டுதல், பராக்குக் காட்டுதல். மூன்றிலும் வினை ஒன்றே. ஒரு பொருளைக் கொடுப்பதாக இத்தொடர்கள் அமையவில்லை. ஒன்றைக் காட்டுவதாகவே அமைந்துள்ளன. இவற்றுள் ‘பராக்கு’ என்னும் சொல் தனியே நோக்கத்தக்கது. அரசவையில் கட்டியங்காரன் ‘பராக்கு’ என்று கூவியது அவையோரின் கவனத்தை ஈர்ப்பதற்காக. கன்னடத்திலும் அக்கூவல் வழங்கியது. ‘பராக்குப் பார்த்தல்’ என்னும் தொடரிலோ அதே சொல் கவனம் சிதறுதலைக் குறிக்கின்றது. தெலுங்கிலும் கவனமின்மை என்பதே அதன் பொருள். அழும் குழந்தைக்குப் பராக்குக் காட்டும் தாய் இவ்விரண்டையும் ஒருசேரச் செய்கிறாள். அழுகைக்குக் காரணமானதிலிருந்து குழந்தையின் கவனத்தைப் பெயர்த்து வேறொன்றின்மேல் நிறுத்துகிறாள். இதற்கு அவளிடம் உள்ள கருவி பெரும்பாலும் மொழி ஒன்றுதான்.

இம்மொழியை ஆராய்ந்தோர் அதன் சொற்களையே மிகுதியும் ஆராய்ந்துள்ளனர். சார்லசு பெர்குசன் 1964இல் வெளியிட்ட கட்டுரை அரபு, மராத்தி, கொமாஞ்சி, கில்யாக், ஆங்கிலம், ஸ்பானியம் ஆகிய ஆறு மொழிகளில் பெரியோர் குழந்தைகளிடம் வழங்கும் சொற்களை ஒப்பிட்டது. அவ்வழக்கு குழந்தை தானே படைத்துக்கொள்வதன்று, பெரியோர் வழிவழியாகக் கையளிப்பது என்பது அக்கட்டுரையின் நிலையான பங்களிப்பு. தமிழிலும் பாச்சி, இங்கா, மம்மம், சோச்சி, தாச்சி, உவ்வா, தோத்தோ என இத்தகைய சொற்கள் பல உள. 1924 முதல் 1936 வரை வெளிவந்த தமிழ்ப் பேரகராதியும் இவ்வகைச் சொற்கள் சிலவற்றைக் குழந்தை வழக்கு என்னும் குறிப்புடன் பதிந்துள்ளது. இச்சொற்களில் ழகரமும் றகரமும் இல்லை என்பதும், நடுவில் இரட்டித்த மெய் பெரிதும் பயில்கின்றது என்பதும் எளிதில் புலப்படும். ஆனால் இச்சொற்களை எவரை நோக்கி, எதனை முன்னிலையாக்கிப் பேசுகின்றனர் என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படவில்லை. தமிழ் நமக்கு வைத்துள்ள சான்றுகளோ அவ்வினாவுக்கே மிகுதியும் விடை தருவன.

பருவங்களும் முன்னிலையும்

குழந்தையைப் பாடுதற்குத் தொல்காப்பியப் புறத்திணையியல் இடம் தருகின்றது. எனினும் வீட்டில் குழந்தையுடன் நிகழும் ஆட்டங்கள் வரிசையாக நமக்குக் கிடைப்பது 9ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பெரியாழ்வாரிடத்தில்தான். யசோதையின் நிலையில் நின்று அவர் பாடிய திருமொழியின் முதற்பத்துகளில் தாலாட்டு, அம்புலியை அழைத்தல், செங்கீரை, சப்பாணி, தளர்நடை, அச்சோ எனத் தழுவ அழைத்தல், முதுகுப்புறம் வந்து கட்டிக்கொள்ளுதல், அப்பூச்சி காட்டுதல் ஆகியன அடுத்தடுத்து வருகின்றன. அதன்பின் பாலுண்ண அழைத்தல், காது குத்தல், நீராட்டல், குழல்வார அழைத்தல், பூச்சூட்டல், அந்தியில் காப்பிட அழைத்தல் என நாள்முறை வேலைகள் தொடர்கின்றன. இவ்வரிசையை ஒரு சேர நோக்கினால் முற்பகுதி ஆட்டமாகவும் பிற்பகுதி அவ்வாட்டத்தைக் கொண்டு செய்துமுடிக்கும் வேலையாகவும் இருப்பதைக் காணலாம். குழந்தை வளர்த்த எவருக்கும் இது புதிதன்று.

பிற்காலப் பிள்ளைத்தமிழ் இவற்றிற் சிலவற்றை எடுத்துக்கொண்டு சிலவற்றை விட்டது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழ் நமக்குக் கிடைக்கும் பழைய முழுநூல். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற்கும் பொதுவாக நின்றன. பாட்டியல் நூல்கள் இப்பருவங்களுக்கு மாதமும் வகுத்தன. நூலுக்கு நூல் கணக்கு சிறிது வேறுபடினும் செங்கீரை ஐந்தாம் திங்களிலும் சப்பாணி ஒன்பதாம் திங்களிலும் வைக்கப்படுவது பெருவழக்கு. கையை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவதற்கும் இரு கையையும் சேர்த்துக் கொட்டுவதற்கும் இன்றைய குழந்தை மருத்துவர் கூறும் மாதங்களிலிருந்து இவை பெரிதும் விலகவில்லை. பாட்டியலார் தொட்டிலருகே நின்று கணக்கெடுத்தனர் என்று சொல்லவரவில்லை. வீட்டில் அறியப்பட்டிருந்த ஒரு வரிசையை அவர்கள் இலக்கணமாக்கினர் என்று கொள்வதே பொருந்தும்.

இனி முன்னிலையை நோக்குவோம். செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை ஆகிய ஐந்திலும் கேட்பவர் குழந்தை. ஆடுக, கொட்டுக, தருக, வருக என வினை வியங்கோளாகவோ ஏவலாகவோ அமைந்து குழந்தையின் ஓர் அசைவை வேண்டி நிற்கின்றது. அம்புலியில் மட்டும் பேச்சு திரும்புகின்றது. அங்கே கேட்பவர் நிலவு, குழந்தை படர்க்கையாகிவிடுகின்றது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழந்தை கேட்க, குழந்தையைப் பற்றி நிலவிடம் பேசுகிறாள் தாய். காப்பிலும் பேச்சு கடவுளரை நோக்கியதே. ஆயினும் அது வேண்டுதல், குழந்தை கவனிக்க வேண்டும் என்னும் நோக்கம் அதற்கில்லை.

பிள்ளைத்தமிழ் உரையாளர் அம்புலியைச் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயத்தால் விளக்குவர். குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் போன்ற 17ஆம் நூற்றாண்டு நூல்களுக்கு அவ்விளக்கம் மிகப் பொருந்தும். புலமைக்கு அது நல்ல களம். ஆனால் அவ்விளக்கத்திலேயே நின்றுவிட்டால் இவ்வுத்தியின் தொடக்கப் பயன் மறைந்துவிடும். இதனைத் தெளிவாகக் காட்டுவது பெரியாழ்வாரின் வேறொரு பதிகம். அது பிள்ளைத்தமிழ்ப் பருவங்களுள் இடம்பெறாமல் போனது. கண்ணனின் தலையை வாரவேண்டும், அவன் நிற்கமாட்டான். தாய் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. காக்கையை விளித்து, இவன் குழலை வார வா என்கிறாள். குழந்தை காக்கையைத் தேடும் நேரத்தில் சீப்பு தன் வேலையைச் செய்துவிடும். அடுத்த பதிகத்திலும் காக்கையிடமே இவனுக்குக் கோல் கொண்டுவரச் சொல்கிறாள். இலக்கிய உபாயம் எதனாலும் விளக்க முடியாத இவ்விளி, பராக்குக் காட்டுதல் என்று கொண்டால் உடனே விளங்கிவிடுகின்றது.

ஆக வீட்டு வழக்கில் இருவகைப் பேச்சு உண்டு எனலாம். குழந்தையை அசையச் செய்யக் குழந்தையிடமே பேசுவது ஒன்று. குழந்தையை அசையாதிருக்கச் செய்யப் பிறிதொன்றை விளித்துப் பேசுவது மற்றொன்று. உண்ணவும் தலைவாரவும் மருந்து குடிக்கவும் உறங்கவும் வேண்டிய நேரங்களில் இரண்டாவது வகையே கைகொடுக்கின்றது. இதற்குக் குழந்தையும் தாயும் ஒரே பொருளை நோக்க வேண்டும். இருவர் பார்வை ஒன்றில் கூடுவதை ஸ்கைஃப், புரூனர் என்னும் இரு உளவியலார் 1975இல் ஆராய்ந்து வெளியிட்டனர். பிறர் காட்டும் திசையில் பார்ப்பது முதலாண்டினுள்ளேயே வலுப்பெற்றுவிடுகின்றது. அம்புலியைப் பாட்டியலார் சப்பாணிக்கும் வருகைக்கும் பின் வைத்தது இவ்வகையில் இயல்பே. கைக்கு எட்டாத பொருளை விரலின் வழியே காண்பது பின்னர் வரும் திறன்.

மூன்று சொற்கள்

‘சப்பாணி’ என்னும் சொல் இன்று மொழிபெயர்ப்போரை இடறச்செய்வது. கால் வழங்காதவனைக் குறிக்கும் பொருளே இப்போது பேச்சில் நிற்கின்றது. 1977இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ திரைப்படம் அப்பொருளை மேலும் நிலைநிறுத்தியது. கைகொட்டுதல் என்னும் பொருள் நூலளவில் ஒடுங்கிவிட்டது. கையைக் குறிக்கும் ‘பாணி’ என்னும் வடசொல்லோடு இதனை இணைப்பர். கன்னடத்தில் கைதட்டல் ‘சப்பாளெ’ என்றும் தெலுங்கில் ‘சப்பட்லு’ என்றும் வழங்குவதை நோக்க, இம்மூன்றும் ‘சப்’ என்னும் ஒலிக்குறிப்பில் தோன்றியன என்று கொள்வதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. அங்ஙனமாயின் பாணி என்பது பின்னர்ப் புலவர் கண்ட பிரிப்பாகும்.

‘அப்பூச்சி’ கண்ணிமையை மடக்கியோ முகத்தைத் திரித்தோ அச்சுறுத்திக் காட்டும் ஆட்டம். பெரியாழ்வாரிடம் இதில் ஒரு தலைகீழ் மாற்றம் உண்டு. அங்கே அச்சுறுத்துபவன் குழந்தை. அஞ்சுவது போல் நடிப்பவர் பெரியோர். இன்றும் ஒன்றரை வயதுக் குழந்தை முந்தானைக்குள் முகம் மறைத்து வெளிவரும்போது பாட்டிமார் அலறி விழுவதைக் காணலாம். அச்சுறுத்தும் உருவமாகிய ‘பூச்சாண்டி’யை நீறு பூசிய ஆண்டி என்று பிரித்துப் பொருள் சொல்வதுண்டு. தெலுங்கில் அதே உருவம் ‘பூச்சி’, ‘பூச்சாடு’ எனப்படுவதை நோக்கினால் ஆண்டி பின்னர் வந்து ஒட்டிக்கொண்டார் என்றே எண்ணத் தோன்றுகின்றது. கன்னடத்தில் அவ்விடத்தில் நிற்பவன் ‘கும்மன்’. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசரின் புகழ்பெற்ற கீர்த்தனையொன்றில் குழந்தைக் கண்ணன் கும்மனை அழைக்கவேண்டாம் என்று தாயிடம் மன்றாடுகிறான். இங்கும் அதே அமைப்பு: தாய் குழந்தையிடம் பேசாமல் மூன்றாவது ஒருவனை விளிக்கிறாள்.

‘அம்புலி’ வீட்டுப் பேச்சில் பெரிதும் ‘நிலா’வுக்கு இடம்விட்டுவிட்டது. உறவுமுறையோடு சேர்ந்த ‘அம்புலிமாமா’ என்னும் வடிவம் மட்டும் நின்றது. அதற்கு ஓர் இதழும் காரணம். நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 சூலையில் தெலுங்கில் ‘சந்தமாமா’ என்றும் தமிழில் ‘அம்புலிமாமா’ என்றும் தொடங்கிய சிறுவர் இதழ் பின்னர்க் கன்னடம் முதலிய பல மொழிகளிலும் வெளிவந்து 2013 வரை நடைபெற்றது. இந்தியிலும் நிலவு மாமனே ஆதலின் இவ்வுறவைத் திராவிட உறவுமுறையால் மட்டும் விளக்கிவிட இயலாது.

பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். பட்டினப்பாலை, கடற்கரை மனைகளின் முன் சிறுவர் குதிரையின்றி உருட்டும் மூன்று உருளைச் சிறுதேரைக் காட்டுகின்றது. பெரும்பாணாற்றுப்படையும் ஏறிச்செல்லாத சிறுதேரை உருட்டி இளைத்த புதல்வரைக் கூறும். இன்றைய நடைவண்டிக்கும் மூன்றே உருளை. பெங்களூர் மைசூர் சாலையிலுள்ள சன்னபட்டணத்தின் அரக்கு மர விளையாட்டுப் பொருள்களிடையிலும் இவ்வகை உருட்டு வண்டிகள் உள. ஆயின் மரம் செய்யும் வேலை சிறிது நேரமே. வண்டி சுவரில் முட்டியதும் மறுபடி சொல்தான் வேண்டும்.

சந்தாபுராவில்

பெங்களூர் நகர மாவட்டம் ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது சந்தாபுரா. ஓசூர் நெடுஞ்சாலையில், பொம்மசந்திரத் தொழிற்பேட்டைக்குத் தெற்கே அமைந்துள்ளது. அத்திப்பள்ளி எல்லையைக் கடந்தால் தமிழ்நாடு. ஓசூர் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் கலந்து வழங்கும் இடம். மின்னணு நகரும் தொழிற்பேட்டையும் ஈர்த்த இளங்குடும்பங்கள் இங்கு அடுக்ககங்களில் வாழ்கின்றன. பெரியோர் பலர் எல்லைக்கு அப்பால் இருப்பர், வாரந்தோறும் வந்துபோவர்.

2020 மார்ச்சு 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது எங்கள் குடும்பம் இங்கிருந்தது. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அவளுடைய பாட்டி ஓசூரில். மாநில எல்லையைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. பாட்டியின் வருகை நின்றது. இரண்டு அறையும் ஒரு மாடமும் கொண்ட வீட்டில் ஒரு குழந்தையை நாள்முழுதும் வைத்திருப்பது எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. முதல் வாரத்திலேயே பானைகளும் கரண்டிகளும் சலித்துவிட்டன. கைப்பேசியில் ஓடும் படப்பாட்டு அவளை அமைதியாக்கியது. ஆனால் அதை நிறுத்தியதும் எழுந்த அழுகை முன்னையதினும் பெரிது.

பாட்டி நாள்தோறும் மாலையில் கைப்பேசிக் காணொளியில் வந்தார். எதிரே அமர்ந்து ஆடும் ஆட்டங்கள் ஓரளவு நடந்தன. கைவீசச் சொன்னால் வீசினாள். சாய்ந்தாடச் சொன்னால் திரையின்முன் சாய்ந்தாடினாள். பாட்டி முந்தானையால் முகம் மறைத்து வெளிப்பட்டால் சிரித்தாள். அதாவது குழந்தையை முன்னிலையாக்கும் முதல்வகை பிழைத்தது. விரலை நண்டாக்கிக் கைமேல் ஊரவிட்டு அக்குளில் முடிக்கும் ஆட்டம் இயலாது என்பது வெளிப்படை. நான் எதிர்பாராதது இரண்டாம் வகையின் தோல்வி. பாட்டி தம் வீட்டு வேப்பமரத்துக் காக்கையைக் காட்டி ‘அதோ’ என்றார். குழந்தை கைப்பேசியின் பின்புறத்தைப் பார்த்தாள். ‘அதோ’ என்னும் சேய்மைச் சுட்டு பேசுநரும் கேட்பவரும் ஓரிடத்தில் நிற்பதை வேண்டுவது. இடம் இரண்டாகும்போது சுட்டு எதனையும் சுட்டுவதில்லை. மொழியியல் வகுப்பில் பலமுறை நான் எழுதிக்காட்டிய செய்தி; அன்றுதான் அதன் விலை தெரிந்தது.

ஏப்ரல் 7, 8 ஆகிய நாள்களை ஒட்டி முழுநிலவு. மாடத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தபோது பாட்டி ஓசூர் மொட்டைமாடியிலிருந்து நிலவைக் காட்டினார். திரையில் அது ஒரு வெள்ளைப் புள்ளி. நான் மகளின் முகத்தை வானத்தின் பக்கம் திருப்பினேன். அங்கும் அது இருந்தது. பாட்டி நிலவிடம் பேசத் தொடங்கினார்: எங்கள் பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறாள், நீ வந்து கேள் என்றவாறு. குழந்தை நிலவைப் பார்த்தவண்ணம் வாயைத் திறந்தாள். பராக்குக் காட்டப் பெரியோர் விளித்தவற்றுள் காக்கைக்கும் நாய்க்கும் ஒரு முற்றம் தேவை, நிலவுக்குத் தேவையில்லை. அடுத்த சில நாள்கள் இது நடந்தது. பின்னர்த் தேய்பிறை வந்து நிலவு குழந்தை உறங்கிய பின்னரே எழுந்தது.

எதிர்வீட்டம்மையார் கன்னடம் பேசுபவர். வீட்டில் தெலுங்கும் உண்டு. மாடத்திற்கு மாடம் நின்று அவர் என் மகளுக்கு விளையாட்டுக் காட்டினார். ‘சப்பாளெ’ என்றால் அவள் கைதட்டுவாள். ‘சந்தமாமா’ என்றால் மேலே பார்ப்பாள். வீட்டில் நாங்கள் சொன்ன ‘கை தட்டு’ என்பதைக் காட்டிலும் அயலாரின் ‘சப்பாளெ’ பெரியாழ்வாரின் சொல்லுக்கு அண்மையது என்பதை அப்போது குறித்துக்கொண்டேன். பழந்தமிழ் வீட்டுச் சொல்லொன்றின் உறவை ஒரு தமிழ்க் குழந்தை கன்னடத்தின் வழியே பெற்றாள். எல்லைப் பகுதிகளில் சொல்கடன் பற்றி எழுதுவோர் சந்தையையும் தொழிற்சாலையையும் முதலில் நோக்குவர். தொட்டிலும் மாடமும் அதற்குச் சளைத்த இடங்கள் அல்ல.

மொழிபெயர்ப்பில் எழும் இடர்

பிள்ளைத்தமிழ்ப் பாடல்களைத் தேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கத்துடன் பாலா ரிச்மன் 1997இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முதன்மையானது. இப்பாடல்களில் பேசுவோர் யார், கேட்போர் யார் என்பதே பெயர்ப்பவரின் முதற் கேள்வியாதல் வேண்டும். அம்புலிப் பாடலைக் கவிஞன் நிலவுக்கு உரைத்த சொற்போராக மட்டும் பெயர்த்தால் இடுப்பில் இருக்கும் மூன்றாமவர் மறைந்துவிடுவார். ஆங்கில வாசகருக்கு அது வெறும் மிகைக்கூற்றாகத் தோன்றும்.

விளிகளும் இவ்வாறே. தாய் மகளை ‘அம்மா’ என்றும் மகனை ‘அப்பா’ என்றும் விளிப்பது தமிழில் இயல்பு. ஓசூர்ப் பாட்டி என் மகளை அழைப்பதும் ‘தாயி’ என்றுதான். பேரன் பாட்டன் பெயரைத் தாங்கும் ‘பெயரன்’ ஆகிய சமூகத்தில் இத்திருப்பத்திற்கு வேர் உண்டு. மீனாட்சியைக் குழந்தையாக்கிப் பாடும்போது ‘அம்மை’ என்பது ஒரே நேரத்தில் செல்லவிளியும் தெய்வப்பெயரும் ஆகின்றது. ஆங்கிலத்தில் குழந்தையைத் தாய் என்று விளித்தால் வாசகர் திகைப்பர். வேறு செல்லச்சொல் இட்டால் தெய்வம் நீங்கிவிடும். அடிக்குறிப்பைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னும் நுண்ணியது நிலவுக்குத் தரும் மரியாதை. ஓசூர்ப் பக்கத்து வீடுகளில் தாய்மாமன் வந்தால் ‘வாங்க மாமா’ என்பதே முறை. கன்னட வீடுகளில் ‘பன்னி’. நிலவும் மாமன்தான், ஆயினும் அதற்கு ‘வா’ என்னும் ஒருமை ஏவலே. கன்னடத்திலும் ‘பா’தான். பெரியாழ்வாரும் நிலவை ஒருமையிலேயே விளிக்கிறார். உறவுப்பெயர் ஒரு படியிலும் வினை விகுதி வேறொரு படியிலும் நிற்கும் இப்பொருத்தமின்மை பெரியோரின் பேச்சில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஏழு வயதாகும் என் மகள், உறவில் பிறந்த கைக்குழந்தைக்கு அண்மையில் மாடத்திலிருந்து நிலவைக் காட்டினாள். ‘சந்தமாமா, வா’ என்றாள். அவ்வேளை வீட்டுக்குள் நுழைந்த தன் மாமனை நோக்கி, மூச்சு விடாமல், ‘வாங்க மாமா’ என்றாள்.